எச்.ஏ.எல். லாபம் 1,669 கோடி: இதில் நம் பங்கு எங்கே?

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனம் தன் இரண்டாம் காலாண்டுக் கணக்கை 2025 நவம்பர் 12 அன்று வெளியிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் வருவாய் 6,629 கோடி ரூபாய். நிகர லாபம் 1,669 கோடி. போன ஆண்டு இதே காலாண்டில் லாபம் 1,510 கோடி. பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்வு. பங்கை வாங்கலாமா, விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று வணிகப் பக்கங்களில் பேச்சு நடந்தது. அந்த நிறுவனத்தின் வேலைகள் யாருக்குப் போகின்றன என்ற பேச்சு மட்டும் எழவில்லை. நாங்கள் அதைத்தான் பேச விரும்புகிறோம்.

தென்காசியில் இருந்துகொண்டு பெங்களூரு விமானக் கம்பெனியின் கணக்கை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாங்கள் வேலை செய்யும் தெருக்களில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் நிறையப் பேர். ஃபிட்டர், டர்னர் சான்றிதழைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு, சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜுகளில் படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள். ஐந்தருவிப் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறார்கள். ஆகஸ்டோடு அது முடிந்துபோகும். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வந்தால் இன்னும் இரண்டு மாதம் ஓடும். அவர்களுடைய காலாண்டுக் கணக்கு இவ்வளவுதான்.

அண்மையில் ஃபிட்டர் படித்த தம்பி ஒருவர் ஒரு பொதுத்துறை ஆலையின் வேலை அறிவிப்பைச் செல்போனில் காட்டினார். “அக்கா, இதுல நாலு வருசம்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் என்ன செய்யச் சொல்லுதாங்க?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

எச்.ஏ.எல். யாருடையது? அதன் பங்குகளில் 71.64 விழுக்காடு ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. பெரும்பாலான வேலையைக் கொடுப்பதும் அரசுதான். 2025 செப்டம்பர் 25 அன்று 97 தேஜஸ் விமானங்களுக்கு, வரி நீங்கலாக 62,370 கோடி ரூபாய்க்கு, பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. 2024-25க்குப் பங்கு ஒன்றுக்கு 40 ரூபாய் ஈவுத்தொகை. அரசின் பங்குக்குக் கணக்குப் போட்டால் 1,900 கோடிக்கு மேல் வருகிறது. ஆக, முதலாளியும் அரசு, வாடிக்கையாளரும் அரசு. பணம் மக்களுடைய வரி. சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிற எங்கள் தெருவின் காசும் அதில் இருக்கிறது.

அதனால்தான் பொதுத்துறையில் இடஒதுக்கீடு சலுகையன்று, உரிமை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் வாதாடியதால், 1943 ஆகஸ்டில் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கி ஆணை வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எச்.ஏ.எல்.லும் அந்தப் போர்க்காலத்தில், 1940 டிசம்பரில் பிறந்த நிறுவனம்தான். இன்று அகில இந்திய அளவிலான நேரடி நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

விழுக்காடு அப்படியே இருக்கிறது. அது எதன்மீது கணக்கிடப்படுகிறதோ அந்த மொத்தம்தான் சுருங்குகிறது. ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்களில் 2013 மார்ச்சில் 17.3 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2022 மார்ச்சில் 14.6 லட்சம். இதே காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர், தினக்கூலிகளின் பங்கு 19 விழுக்காட்டிலிருந்து 42.5 விழுக்காடாக ஏறியது. 45 நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று விதி சொல்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் தொழிலாளி நிறுவனத்தின் பணியாளராகவே எண்ணப்படுவதில்லை. கதவு அங்கேயே மூடிக்கொள்கிறது.

அடுத்த கதவு வெளியே கொடுக்கப்படும் வேலை. தேஜஸ் எம்.கே.1ஏ-வின் இறக்கைகளை எல் அண்ட் டி கோவையில் செய்கிறது. 2025 ஜூலையில் முதல் தொகுதியை எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைத்திறனில் நமக்கும் பெருமைதான். தனியார் ஆலையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அரசு ஆலையில் நடந்தால் இடஒதுக்கீடு, அதே அரசுப் பணத்தில் தனியார் ஆலையில் நடந்தால் இடஒதுக்கீடு இல்லை என்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. திருச்சிக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. சாதியால் ஒருமுறை, ஊரால் இன்னொருமுறை என்று எங்கள் பிள்ளைகள் இரண்டு தடவை தள்ளி நிற்கிறார்கள்.

“போர் விமானம் விற்ற லாபத்தில் பங்கு கேட்கலாமா? அது அம்பேத்கரியமா?” என்று தோழர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆயுதத்துக்கு இவ்வளவு செலவு வேண்டுமா என்ற விவாதத்தை நாங்களும் நடத்தத்தான் போகிறோம். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை நம் பிள்ளைகள் லாட்ஜில் விரிப்பு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. செலவு நடக்கிறது. அதில் வேலை பிறக்கிறது. அந்த வேலை யாருக்கு என்பது இன்றைய கேள்வி.

எங்கள் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, கணக்கைக் காட்டுங்கள். பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் தரும் பொறுப்பறிக்கையில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர் என்பதற்குக் கட்டம் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் லாபத்தைச் சொல்ல முடிகிறது. எத்தனை பேரை எடுத்தோம், அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்பதையும் பொதுத்துறை நிறுவனங்கள் அதே நாளில் சொல்லட்டும்.

இரண்டு, பாதுகாப்புத் துறைப் பெரிய ஒப்பந்தங்களில் வேலைவாய்ப்புப் பங்கை நிபந்தனையாக எழுதுங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் 4 விழுக்காடு கொள்முதல் செய்ய வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் ஆணையே சொல்கிறது. பொருள் வாங்குவதற்கு நிபந்தனை போட முடியுமென்றால், ஆள் எடுப்பதற்கும் போட முடியும்.

மூன்று, விமானப் பாகத் தொழிலுக்கான பயிற்சி மையம் ஒன்றைத் தென்காசி மாவட்டத்துக்குக் கொடுங்கள்.

தென்காசி தனித்தொகுதி. இந்தக் கேள்விகளை நாடாளுமன்றத்தில் எழுப்ப நமக்கென்று ஓர் இடம் இருக்கிறது. இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, நம் தொகுதி உறுப்பினரிடம் நேரில் கொடுக்கப்போகிறோம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தம்பி விண்ணப்பம் போட்டுவிட்டார். நாலு வருசத்துக்குப் பிறகு என்ன என்ற அவருடைய கேள்வி அந்த மனுவின் முதல் வரியாக இருக்கும்.