கைமாறி வரும் நுழைவுச்சீட்டு



கடந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு நான் தபாலிலேயே உடனடியாகப் பதில் அனுப்ப வேண்டியிருந்தது. சஞ்சிகை வெளிவரும் வரை காத்திருக்க முடியாத விடயம். எழுதியவர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய். கணவரை இழந்தபின் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். மூத்த மகள் கொழும்புக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இந்தியாவிலிருந்து வரும் பாடகர் ஒருவரின் இசை நிகழ்ச்சிக்குத் தாயையும் கூட்டிச் செல்ல மகளுக்கு ஆசை. ஆனால் ரிக்கற்றுகள் விற்று முடிந்துவிட்டன. முகநூலில் ஒருவர், "என்னிடம் இரண்டு இருக்கிறது, இன்று பின்னேரத்துக்குள் பணம் போட்டால் தருவேன்" என்கிறார். இதை நம்பலாமா என்று கேட்டிருந்தார். "இந்த வயதில் எனக்குப் பாட்டுக் கச்சேரி தேவையா என்றும் தெரியவில்லை" என்று கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேவைதான். எத்தனையோ வருடம் அழுகைக்கும் அலைச்சலுக்கும் மட்டும் பயணம் செய்த நாம், ஓர் இரவு பாட்டுக் கேட்கப் போவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாற்றுக்காரருக்கு இந்தக் கூச்சம் மிகவும் வசதியானது. "இதற்கெல்லாம் காசு செலவழித்தாயா" என்று ஊர் கேட்குமே என்று பயந்து, பணத்தைப் பறிகொடுத்த பெண்கள் வாய் திறப்பதில்லை. மூத்தவர்களிடம் கேட்டு வாங்கினால் பிடிபட்டிருக்கக்கூடிய மோசடியும் இந்த ஒளிவு மறைவினால்தான் தப்பி விடுகிறது.

இனி ரிக்கற் விடயத்துக்கு வருவோம். முன்பு ரிக்கற் என்பது கையில் பிடிக்கும் ஒரு தாள். ஒருவர் எனக்குத் தந்தால் அது அவரிடம் இருக்காது. இப்போது வருவது பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு சதுரக் குறியீடு, அல்லது கோடுகள் கொண்ட குறியீடு. இதைப் படம் பிடித்து ஒருவருக்கு அனுப்பினாலும் அனுப்பியவரிடம் அது அப்படியே இருக்கும். இரண்டு பேருக்கு விற்கலாம், இருபது பேருக்கும் விற்கலாம். வாசலில் உள்ள கருவி ஒரு குறியீட்டை ஒரு தடவைதான் ஏற்றுக்கொள்ளும். முதலில் போனவர் உள்ளே, மற்றவர்கள் எல்லோரும் வெளியே. ரிக்கற் உண்மையானதாக இருந்தாலும்கூட இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். ஆகவே "உண்மையான ரிக்கற்றா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இதை உங்கள் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்க வேண்டும். ரிக்கற் விற்ற நிறுவனத்தின் ஊடாகப் பெயர் மாற்றம் செய்யும் வசதி இருந்தால், பழைய குறியீடு செத்து உங்களுக்குப் புதியது வரும். அந்த வசதி உண்டா என்பதை விற்பவரிடம் கேட்காமல், நிகழ்ச்சியை நடத்துபவர்களின் சொந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். விற்பவர் தரும் இலக்கத்துக்கு அல்ல. அதை எடுத்துப் பேசுவது அவருடைய தம்பியாகவும் இருக்கலாம்.

லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் நம் உறவுகள் இந்த வியாபாரத்தை இன்னும் பெரிய அளவில் காண்கிறார்கள். அங்கே மறுவிற்பனைக்கென்றே பெரிய இணையத்தளங்கள் உள்ளன. வயாகோகோ என்பது அவற்றில் பெயர் பெற்றது. அந்த நிறுவனத்திடம் ரிக்கற் இல்லை. யாரோ ஒருவர் வைத்திருப்பதை யாரோ ஒருவருக்கு விற்க இடம் கொடுத்துக் கட்டணம் எடுப்பதே அதன் தொழில். தன்னை உத்தியோகபூர்வ விற்பனையாளர் போலக் காட்டியதும், ரிக்கற்றுகள் முடியப்போகின்றன என்று அவசரப்படுத்தியதும், நூற்றுக்கு 27.6 வீதம் வரையான பதிவுக் கட்டணத்தைக் கடைசி நேரத்தில் சேர்த்ததும் மக்களைத் தவறாக வழிநடத்தும் செயல்கள் என்று அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பிரித்தானிய நீதிமன்றமோ 2018 நவம்பரில் அதே நிறுவனத்துக்கு ஒரு கட்டளை இட்டது. ஆசன இலக்கம் என்ன, விற்பவர் வியாபாரியா, வாசலில் திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டா என்பவற்றை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அயர்லாந்து 2021 இல் சட்டம் இயற்றிப் பெரிய நிகழ்ச்சிகளின் ரிக்கற்றை அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடுத்தது. பிரித்தானிய அரசும் அப்படித் தடைசெய்யப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

அந்த நீதிமன்றம் கேட்கச் சொன்ன கேள்விகளை நாம் காசில்லாமல் கேட்கலாம். ஆசன இலக்கம் என்ன? அச்சிட்ட விலை என்ன? எங்கே, எந்தத் திகதியில் வாங்கினீர்கள்? வாங்கியபோது வந்த பற்றுச்சீட்டு எங்கே? உண்மையில் போக முடியாமல் விற்பவர் இவற்றுக்குப் பதில் சொல்வார், கொஞ்சம் சினந்தாலும் சொல்வார். "நம்பாவிட்டால் விடுங்கள், இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள்" என்று சொல்பவரை அந்தப் பத்துப் பேருக்கே விட்டுவிடுங்கள்.

நம்பிக்கைக்கென்று தன் அடையாள அட்டையின் படத்தை அனுப்புவது இன்னொரு தந்திரம். அட்டையைக் கண்டதும் நம் பெண்கள் இளகிவிடுகிறார்கள். சோதனைச் சாவடிக் காலத்திலிருந்து அட்டைக்கு நாம் கொடுத்துவரும் மரியாதை அப்படி. ஆனால் அது முன்பு ஏமாந்த வேறொருவருடைய அட்டையாக இருக்கலாம். நீங்கள் பதிலுக்கு உங்கள் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்த ஆளை ஏமாற்ற அது பயன்படும். ரிக்கற் வாங்க உங்கள் அட்டையின் படம் விற்பவருக்குத் தேவையே இல்லை.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. நீங்கள் போக முடியாமல் ரிக்கற்றை விற்கப் போனால், "பணம் போடுகிறேன், உங்கள் வங்கி அட்டை இலக்கத்தையும் தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணையும் சொல்லுங்கள்" என்று ஒருவர் வருவார். பணம் பெறுவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் கிளையும் போதும். இரகசிய எண் கேட்பவர் பணம் எடுக்க வருகிறார்.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாதவருடைய கணக்கில் வைப்புச் செய்த பணத்தையோ, தொலைபேசிக் கடையில் அனுப்பிய பணத்தையோ திரும்பப் பெறுவது மிகவும் கடினம். முறையான தளமொன்றில் வங்கி அட்டையால் கட்டியிருந்தால், பொருள் கிடைக்கவில்லை என்று வங்கியிடம் ஆட்சேபிக்க வழியுண்டு. நேரில் சந்தித்து வாங்குவதானால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணையோடு போங்கள். "அறைக்கு வாருங்கள், தருகிறேன்" என்றால் அது ரிக்கற் வியாபாரமல்ல.

நல்ல ரிக்கற் கையில் இருந்தும் சரிவராத சந்தர்ப்பங்கள் உண்டு. 2023 செப்டெம்பர் 10 ஆம் திகதி சென்னைக்கு அருகே பனையூரில் ஏ. ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சியில் ரிக்கற் வாங்கிய பலர் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு பெரிது. அப்போது ரிக்கற் பிரதியை அனுப்பி வைக்கும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார். இப்படியான நேரத்தில் ரிக்கற்றும் வாங்கியதற்கான சான்றும் உங்களிடம் இருக்க வேண்டும். கைமாறி வாங்கியவரிடம் அவை இருப்பது அரிது. மீளளிக்கும் பணமும் பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் கணக்குக்கே போகும். 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சியில் தடைகளை உடைத்துக்கொண்டு கூட்டம் புகுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காசு கொடுத்து ஆசனம் எடுத்தவர்களும் சேர்ந்தே இடிபட்டார்கள்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் எழுதியது இதுதான். முகநூல்காரருக்குப் பணம் போட வேண்டாம். நடத்துபவர்களை அழைத்து, திரும்பி வந்த ரிக்கற் ஏதும் உண்டா என்று நிகழ்ச்சிக்கு முதல் நாள் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். சில சமயம் ஒதுக்கி வைத்தவை கடைசியில் விற்பனைக்கு வரும். எப்படி வாங்கினாலும், உள்ளே விடாவிட்டால் அன்றிரவு எங்கே தங்குவது, எந்த பஸ்ஸில் திரும்புவது என்று முதலே தீர்மானியுங்கள். பணம் போனால் தைத்துச் சம்பாதிக்கலாம். நடு இரவில் தாயும் மகளும் தெருவில் நிற்கக் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் செய்திகளை அழிக்க வேண்டாம். உரையாடல், கணக்கு இலக்கம், வைப்புச் சீட்டு, முகநூல் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அன்றே வங்கிக்கு அறிவியுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். இணைய மோசடி பற்றி ஆலோசனை பெற இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. கடையோ நிறுவனமோ ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977. பணத்தோடு நிற்காமல் மிரட்டலும் வந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். திரும்பும்போது முறைப்பாட்டு இலக்கத்தை மறவாமல் எழுதி வாங்குங்கள், வங்கியில் அதைக் கேட்பார்கள்.