மன உறுதி என்னும் எளிய தீர்ப்பு

திருமண நாள் குறிக்கப்பட்ட தோழி ஒருத்தி இரண்டு மாதங்களாகக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கிறாள், எடை குறையவில்லை. ‘மன உறுதி போதவில்லை’ என்று நண்பர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள். அத்தீர்ப்பை மறுக்கவே இப்பதிவு.

2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸில் மூன்று போட்டிகளை வென்றார் வினேஷ் போகத். டோக்கியோவில் தங்கம் வென்ற யுய் சுசாகியும் அவரிடம் தோற்றார். இரவெல்லாம் உடற்பயிற்சி, வியர்வைக் குளியல், தலைமுடியும் வெட்டப்பட்டது. மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் நின்றது, இறுதிப்போட்டி கைநழுவியது. மருத்துவரும் பயிற்றுநரும் உடனிருந்தும் உடல் இணங்கவில்லை. வினேஷுக்கு மன உறுதி இல்லை என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

அவசரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர். கொழுப்பு மெல்லவே கரையும். பட்டினி கிடக்கும் உடல் ஆற்றல் செலவைச் சுருக்கும், பசியைப் பெருக்கும். இது ஒழுக்கக் குறை அன்று, உடலியல்.

முயற்சியே வேண்டாம் என்பதன்று என் வாதம். மொழியியல் படித்தவன் என்பதால் ஒன்று சொல்வேன்: ‘இளைத்துவிட்டாயே’ என்பது நம் பாட்டிமார் வாயில் கவலை, நம் வாயில் பாராட்டு. இரண்டு தலைமுறைக்குள் பொருள் திரிந்த ஒரு சொல்லைக் கொண்டு ஒருத்தியின் குணத்தை அளக்கலாமா?

அவள் நடக்கட்டும், நடை நல்லது. தராசை நாம் கீழே வைப்போம்.