மந்திரத்திற்கும் உண்டு வரவு செலவு!

"மந்திரவாதிக்குக் கூடவா கணக்கு வழக்கு?" என்று என் அறை நண்பன் ஒருநாள் கேட்டான். விடுதியில் ஞாயிறுதோறும் நாங்கள் ஐவர் கூடி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் நடுவே எழுந்த கேள்வி அது. பொருளியல் பயிலும் எனக்கு அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

ஆட்டத்தை அறியாத அன்பர்களுக்குச் சில சொற்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர் உருவாக்கிய இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர்கள் வீரனாகவும் திருடனாகவும் மந்திரவாதியாகவும் வேடமேற்று, பகடை உருட்டி, இடர்களைக் கடப்பார்கள். வீரன் நாள் முழுதும் வாள் வீசலாம். மந்திரவாதிக்கு மட்டும் அளவு உண்டு. 2014ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதல் நிலை மந்திரவாதிக்கு 2 'ஸ்லாட்'டுகள். ஸ்லாட் என்பதை நம் விடுதியின் சாப்பாட்டுச் சீட்டைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மந்திரம் ஏவினால் ஒரு சீட்டு கிழிந்துவிடும். 'கேன்ட்ரிப்' எனப்படும் சில்லறை மந்திரங்களுக்குச் சீட்டு வேண்டாம். நாளுக்கு ஒருமுறை சிறிது இளைப்பாறி ஓரளவு மீட்கலாம். முழுவதும் திரும்பக் கிடைக்க 8 மணி நேர நீண்ட ஓய்வு வேண்டும்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலில், மந்திரவாதிகள் மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். ஏவியதும் அது மனத்தை விட்டே அகன்றுவிடும். கைகாக்ஸ் அதைத் தம் ஆட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். வேறு வழி கண்டவர்களும் உண்டு. 1975இல் வந்த 'டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' ஆட்டத்தில், மந்திரம் ஏவுவோன் தன் உடல் வலிமையையே விலையாகத் தருகிறான். முறை எதுவாயினும் விலை இல்லாமல் மந்திரம் இல்லை.

இனி என் கதை. முதல் நாள் ஆட்டத்தில் ஒரு நிலவறையில் பெருச்சாளிகள் எதிர்ப்பட்டன. என் வீரத்தைக் காட்டும் ஆவலில் இரண்டு சீட்டுகளையும் அவற்றின்மீதே கிழித்தேன். அடுத்த அறையில் பகைவர் கூட்டம் காத்திருந்தது. வீரனாக ஆடிய நண்பன் அடிபட்டு வீழ்ந்தான். நான் கைகட்டி நிற்காத குறைதான். அடுத்த வாரம் திருந்திவிட்டேன் என்று எண்ணினேன். இரண்டு சீட்டுகளையும் கஞ்சனைப்போல் காத்தேன். "இன்னும் பெரிய ஆபத்து வரும்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். அன்றும் அதே நண்பன் வீழ்ந்தான். என் கையில் இரண்டு சீட்டுகளும் அப்படியே இருந்தன! அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஊதாரித்தனம் ஒருமுறை அவனை வீழ்த்தியது. கஞ்சத்தனம் மறுமுறை வீழ்த்தியது.

வேண்டுவன பல, வளங்களோ சில. அந்தச் சிலவற்றுக்கும் மாற்றுப் பயன்கள் உண்டு. இதுவே பொருளியலின் அடிப்படை என்று லயனல் ராபின்ஸ் 1932இல் வரையறுத்ததை வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் விளங்கியதோ அந்த நிலவறையில்தான். பெருச்சாளிமேல் ஏவிய மந்திரத்தின் உண்மையான விலை ஒரு சீட்டன்று. அச்சீட்டால் காத்திருக்கக்கூடிய நண்பன்! இதைத்தானே நம் பேராசிரியர்கள் வாய்ப்புச் செலவு என்கிறார்கள்?

இப்போது என் நண்பன் ஒரு குறுக்குவழி சொல்கிறான். "ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் எட்டு மணி நேரம் உறங்கிவிட்டால் சீட்டுகள் திரும்பிவிடுமே?" இதை நான் ஏற்கவில்லை. 24 மணி நேரத்தில் ஒரு நீண்ட ஓய்வின் பயனைத்தான் பெறலாம் என்று விதியே கூறுகிறது. அவ்விதிப்படி ஒரு நாள் காத்திருக்கலாமே என்றால், அதற்குள் பகைவன் மட்டும் சும்மா இருப்பானா? சிறைப்பட்டவன் பிழைத்திருப்பானா? உண்மையில் மந்திரவாதியின் வளம் சீட்டன்று, காலமே! ஆகவே ஆட்டத்தை நடத்துவோர் எண்ணிக்கையைக் காப்பதைவிட ஓய்வின் அருமையைக் காக்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்டபோதெல்லாம் ஓய்வு தந்தால் மந்திரவாதி வரம்பற்றவன் ஆவான். எல்லாத் தடைகளையும் அவன் ஒருவனே தகர்ப்பான். வாள் பிடித்தவனுக்கும் பூட்டுத் திறப்பவனுக்கும் என்ன வேலை? நால்வர் ஆடும் ஆட்டம் ஒருவர் ஆட, மூவர் பார்க்கும் வேடிக்கையாகிவிடும்.

"வரம்பு வைத்தால் அது மந்திரமா?" என்பாருக்கு என் விடை இதுதான்: வரம்பு இருப்பதால்தான் அது மந்திரம். எப்போதும் கிடைப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு பாலத்தின்மீது நண்பன் மீண்டும் சூழப்பட்டான். என்னிடம் ஒரே ஒரு சீட்டு. அப்பால் என்ன காத்திருக்கிறதென்று தெரியாது. ஆயினும் தயங்காமல் கிழித்தேன். அவன் பிழைத்தான். மீதி வழி முழுதும் அவன் முன்னே நடக்க, வெறுங்கையோடு அவன் பின்னே நான் நடந்தேன். நான் ஆடிய நாள்களில் அதுவே சிறந்த நாள்.