மரை பிடித்தால் போதுமா?

உல்லாஸ்நகர்வாசிகளான நமக்கு ஒரு பெருமை உண்டு. எந்தச் சாமானைக் காட்டினாலும், "நாளை மாலை வாருங்கள், செய்து வைக்கிறோம்" என்று சொல்லும் ஊர் இது. நாடு பிரிந்தபோது வெறுங்கையோடு வந்த சிந்தி மக்கள் உழைத்து உருவாக்கிய ஊர். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். இங்கே செய்த பொருளில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று குத்திவிட்டு, 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று விளக்கம் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லேத் ஓட்டிப் பிழைப்பவன் நான்.

சில மாதங்களுக்கு முன் டிப்ளமா படிக்கும் நம் தமிழ்ப் பையன் ஒருவன் பட்டறைக்கு வந்தான். "மாமா, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை பழகிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான். லேத் கற்க யாரும் வராத காலத்தில் இப்படி ஒருவனா என்று மனம் குளிர்ந்தது.

செல்போனில் ஒரு படம் காட்டினான். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள லித்தியம் செல் நுழையும் பித்தளைக் குழாய். மூடியில் 7 மி.மீ. மரை, புரிக்குப் புரி அரை மி.மீ. தான் இடைவெளி. "டார்ச் லைட்டுக்கு மாமா" என்றான். அவ்வளவு நெருக்கமான மரையைப் புதுக்கை வெட்டினால் புரி சிதைந்துவிடும். மூன்று முறை கெடுத்தான். நான்காம் முறை வெட்டிவிட்டான். மூடி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் உதட்டில் வைக்கும் முனை ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தான். "டார்ச் லைட்டுக்கு வாய் எதற்குத் தம்பி?" என்றேன். தலை குனிந்தான். அது 'வேப்' என்னும் மின்னணு சிகரெட். நண்பர்கள் கேட்டார்களாம், ஒன்றைக் கொடுத்தும்விட்டான்.

மின்னணு சிகரெட்டை நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தாலும் தடை செய்துவிட்டார்கள். முழுக் கருவியை மட்டுமல்ல, அதன் எந்தப் பாகத்தைச் செய்வதும் உற்பத்திதான் என்கிறது சட்டம். முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் மூடிதான் கடைந்தேன்" என்று யாரும் தப்ப முடியாது.

"பீடியும் சிகரெட்டும் மட்டும் கடைக்குக் கடை விற்கலாமா மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் ஒரு கடைசல்காரனாக வேறு பதில் இருந்தது. நாம் கடையும் பித்தளையில், டூலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுமார் 3 சதவீதம் ஈயம் சேர்த்திருக்கிறார்கள். அதை வாயில் வைக்கலாமா? அந்தக் குழாய்க்குள் சர்க்யூட் என்று எதுவும் கிடையாது. செல்லின் உறை கிழிந்து ஷார்ட் ஆனால் மின்சாரத்தை நிறுத்த ஏதுமில்லை. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அது வெடிகுண்டுக்குச் சமம். 2018-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவர் இப்படி வேப் வெடித்து இறந்தார். "நீ வெட்டிய மரை அருமையாகப் பிடிக்கிறது. அதனால்தான் எனக்குப் பயம்" என்றேன்.

அன்று மாலையே கொடுத்ததைத் திரும்ப வாங்கி வந்தான். எல்லாவற்றையும் வைஸில் பிடித்து இருவருமாக அறுத்தோம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

குற்றம் அவனுடையது மட்டுமல்ல. 'என்ன பாகம், எதற்கு' என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். படத்தைக் காட்டினால் செய்து கொடுப்போம், பயனைப் பற்றிக் கேட்க மாட்டோம் என்பதுதானே நம் ஊர்ப் பட்டறை வழக்கம்? அந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் வாதம்.

பையனைத் திட்டி விரட்டினால் வேறு பட்டறைக்குப் போவான். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அவன் கைக்கு நல்ல வேலை கொடுப்பதுதான் வழி. இங்கிலாந்தில் பொழுதுபோக்காக லேத் வேலை செய்பவர்களுக்கென்றே 1898-இல் 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகை தொடங்கினார்கள். குட்டி நீராவி எஞ்சினைக் கடைந்து ஓட்டிப் பார்ப்பது அங்கே ஒரு மரபு. நம் சங்கங்கள் கோலப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகின்றன; நடத்தட்டும். மாதம் ஒரு ஞாயிறு கடைசல் வகுப்பும் நடத்தினால் என்ன? உல்லாஸ்நகரிலும் அம்பர்நாத்திலும் ஓய்வுபெற்ற தமிழ் டர்னர்களும் பிட்டர்களும் இருக்கிறார்கள். என் லேத்தைத் தர நான் தயார்.

அந்தப் பையன் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். இம்முறை உண்மையாகவே டார்ச் லைட்தான் செய்கிறான். மூடியில் அதே நெருக்கமான மரை. வாசகர்கள் தங்கள் கருத்தை எழுதுங்கள்.