மூப்பின்மீது பழி போடலாமா?

எழுபது வயதை எட்டிய அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான மருத்துவக் காப்பீட்டை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கி வைத்தது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆனால், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அதன் பயன் கிட்டும். மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லப்படாமல் வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் முதியோரின் துயரத்துக்கு அதில் இடமில்லை.

அந்தத் துயரம் சிறிதல்ல. 2017-18-இல் நடத்தப்பட்டு, 2021 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தேசிய அளவிலான முதியோர் ஆய்வின்படி, அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நோய் இருக்க வாய்ப்புண்டு. தங்களுக்கு அந்நோய் கண்டறியப்பட்டதாகக் கூறியவர்களோ வெறும் 0.8 சதவீதத்தினர். பத்தில் ஒரு பங்கு!

"வயதாகிவிட்டால் அப்படித்தான்" என்ற ஒற்றை வரியில் குடும்பமும், சில வேளைகளில் மருத்துவரும் கடந்துபோவதே இதற்கு முக்கியக் காரணம். ஓயாத களைப்பு, மறதி, பேச்சில் மந்தம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். தைராய்டு சுரப்பி போதிய ஹார்மோனைச் சுரக்காதபோதும் இதே அறிகுறிகள் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய ரத்தப் பரிசோதனை உதவும். குறைபாடு உறுதியானால் அன்றாடம் ஒரு மாத்திரை போதும். 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் அம்மருந்து இடம்பெற்றுள்ளது.

அதற்காக, முதியோரின் மனத்துயர் அனைத்துக்கும் ஹார்மோனே காரணம் என்ற முடிவுக்கு வருவதும் தவறு. 65 வயதைக் கடந்த, லேசான தைராய்டு குறைபாடு கொண்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், மாத்திரையால் அறிகுறிகள் குறையவில்லை. டெஸ்டோஸ்டீரான் குறைந்த முதிய ஆண்களுக்கு அந்த ஹார்மோனை அளித்த அமெரிக்க ஆய்விலும் (2016) மனநிலையில் சிறிதளவே முன்னேற்றம் காணப்பட்டது. துணையை இழந்த வெறுமைக்கும், கையில் காசில்லாத அவமானத்துக்கும் மாத்திரை மருந்தாகாது. அத்தகையோருக்குத் தேவை மனநல ஆலோசனையும் ஆதரவும்தான்.

எனவே, அரசு செய்ய வேண்டியது தெளிவானது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு முதியவரிடமும் மனநிலை குறித்துச் சில கேள்விகள் கேட்கப்பட வேண்டும். அறிகுறி உள்ளவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்பட வேண்டும். தேவைப்படுவோர் மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் 2010-இலேயே தொடங்கப்பட்டது. மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்துவிட்டது. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருப்பதைச் செயல்படுத்தும் முனைப்புதான் தேவை.

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பிறகு, அதுகுறித்து நாடாளுமன்றத்தில் பலமுறை கேள்வி எழுப்பப்பட்டது. நியாயமான கேள்விதான். அதே அக்கறையை முதியோரின் மனநலத்திலும் உறுப்பினர்கள் காட்ட வேண்டும். குணப்படுத்தக்கூடிய நோயை மூப்பின் கணக்கில் எழுதிவிடுவது அலட்சியமே தவிர, ஆறுதல் ஆகாது.