உயிர் தப்பினால் மட்டும் போதுமா?

பக்கவாதம் வந்தவரைப் பார்த்து, "உயிர் தப்பியதே பெரிது" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். உண்மைதான். ஆனால் உழைத்துப் பிழைப்பவருக்கு உயிர் மட்டும் போதுமா? அவர் எழுந்து நிற்க வேண்டாமா?

திருக்கோகர்ணத்திலிருந்து தினக்கூலிக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் வாய் கோணுகிறது. ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. புதுக்கோட்டையில் 2017ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்கிறது. உயிர் தப்புகிறது, வீடு திரும்புகிறார். உண்மையான போராட்டம் அதன் பிறகுதான் துவங்குகிறது. சுவரைப் பிடித்து நடக்கிறார். வாசற்படி மலையாகிறது. இரவில் கொல்லைக்குப் போக எழுந்தவர் சாய்ந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், பிறகு பாயே கதி.

இது தலைவிதியல்ல. கால் மட்டும் பலம் குன்றவில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிந்து நிமிர்த்துகிற மூளையின் வேலையும் குலைந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பழக்கினால் மூளை அந்த வேலையை மீண்டும் கற்றுக்கொள்ளும். நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது. பலங்குன்றிய காலின்மீது பாரத்தை மெல்ல மாற்றுவது. நின்றபடியே கை நீட்டி ஒரு பொருளை எடுப்பது. படியில் கால் வைத்து இறக்குவது. பிசியோதெரபியில் இவையும் வைத்தியமே! பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். முறையறிந்தவர் சொல்லித்தர வேண்டும். விழாமல் தாங்கப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். முதல் சில மாதங்களில் பலன் அதிகம். அதன் பிறகும் பலன் உண்டு. எண்ணெய் தேய்த்துப் படுத்துக் கிடந்தால் தேறிவிடும் என்பது தவறு.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? நடைப் பயிற்சி, கைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் என்று இங்கிலாந்தின் 2023ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5ல் துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. இதை வரவேற்கிறோம். ஆனால் பல ஊர்களுக்குப் பொறுப்பான ஒருவர் தினமும் ஒரே வீட்டுக்கு வர முடியுமா?

அப்படியானால் பக்கத்தில் நிற்பது யார்? மனைவிதான். ஒரு கூலி ஏற்கெனவே போயிற்று. இரண்டாவது கூலியும் போனால் அடுப்பில் உலை ஏறுவது எப்படி? உரிய காலம் சந்தா கட்டிய மில் தொழிலாளிக்கு, பக்கவாதம் போன்ற நீண்ட நோய்க்கு இ.எஸ்.ஐ. மூலம் சம்பளத்தில் 80 சதவீதம் உண்டு. வயலில் களையெடுப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் உடம்பு வேறு உடம்பா?

ஆகவே நாம் கேட்கிறோம்: பிசியோதெரபி ஊழியர்களைப் பெருக்கு! விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி கொடு! துணை நிற்பவருக்கும் உதவித்தொகை கொடு!

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், பயிற்சி முறையை வீட்டாரோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். முறைவைத்து மாலையில் ஒருவர் அவர் பக்கத்தில் நில்லுங்கள். உழைத்த கால்கள் மறுபடியும் மண்ணில் ஊன்றட்டும்!