எவ்வளவுக்கு விக்கலாம் எண்டு கேக்காதேங்கோ

நாலு பெண்கள் ஊசியும் நூலுமாக ஒரு விறாந்தையில் இருந்தால் எங்கட ஊரில் முதலாவதாக வருகிற கேள்வி, "இதை எவ்வளவுக்கு விக்கலாம்?" இரண்டாவது, "ஏதும் புரொஜெக்ற்றோ, ஆர் காசு தாறது?" நாலு மாதமாக இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். ஒருத்தரும் காசு தரேல்லை. விக்கவும் போறதில்லை. இதைச் சொன்ன உடனே கேட்டவரின் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கோ, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறோம்.

முதலில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம். ஏழு பேர் சேர்ந்து ஒரு குவில்ட் தைக்கிறோம். குவில்ட் என்றால் மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த முகம், நடுவில் பஞ்சு அல்லது பழைய போர்வை, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்து நூலோட வேண்டும். மேல்முகத்தை ஒரேயடியாகத் தைப்பதில்லை. கட்டம் கட்டமாகத் தைத்து, பிறகு கட்டங்களை இணைப்பார்கள். கூட்டாகத் தைக்கிற முறை சுலபம்: மாதம் ஒரு மாதிரி, ஏழு பேருக்கும் அதே மாதிரி, துணி மட்டும் அவரவர் துணி.

முதல் மாதம் ஒன்பது சதுரம், மூன்றுக்கு மூன்று. ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். இரண்டாம் மாதம் மரவீடு. நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டிகள், மரக்குற்றிகளை அடுக்கி வீடு கட்டுவது போல. ஒரு பாதிக்கு வெளிர் நிறம், மறுபாதிக்குக் கடும் நிறம். நடுச் சதுரத்துக்குச் சிவப்பு வைப்பது அமெரிக்கப் பழக்கம், அது வீட்டின் அடுப்பாம். மூன்றாம் மாத மாதிரிக்கு ஆங்கிலத்தில் 'சேர்ன் டாஷ்' என்று பெயர், வெண்ணெய் கடைகிற மத்து. நாங்கள் தைக்கிற வீட்டு அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மத்தோ? எனக்கெண்டால் யன்னல் மாதிரிக் கிடக்கு" என்றார். அமெரிக்காவிலேயே இதே மாதிரியை ஒரு இடத்தில் மத்து என்றும் இன்னோர் இடத்தில் குறடு என்றும் வேறோர் இடத்தில் களஞ்சியக் கதவின் ஓட்டை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மாவின் யன்னலையும் சேர்த்துக்கொள்ளலாம். நாலாவது எட்டு முனை நட்சத்திரம். அதைத் தைத்தபோது கெட்ட வார்த்தைகள் பாவிக்கப்பட்டன.

எல்லாரும் ஒரே மாதிரியை ஒரே நேரத்தில் தைப்பது இன்ரர்நெற் கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்கவேண்டாம். 'கன்சாஸ் சிற்றி ஸ்ரார்' என்ற பத்திரிகை 1928 தொடக்கம் 1961 வரை குவில்ட் மாதிரிகளை அச்சடித்து வந்தது. ஆயிரத்துக்கும் மேல். பண்ணை வீடுகளில் இருந்த பெண்கள் அதை வெட்டி எடுத்து வைத்துத் தைத்தார்கள், தங்களிடம் இருந்த மாதிரிகளைத் திருப்பிப் பத்திரிகைக்கும் அனுப்பினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத பெண்கள் ஒரே கட்டத்தை வேறு வேறு துணியில் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, விலைக் கேள்விக்கு வருவோம். அது ஏன் எங்களைக் கடுப்பாக்குகிறது?

இந்தத் தீவில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்த காலம் தொட்டு இந்த நாடு பெண்களின் தையலில்தான் டொலர் பார்க்கிறது. ஆனால் லைனில் இருக்கிற ஒருவரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒராள் கொலர், ஒராள் பொக்கற், ஒராள் கைவிளிம்பு. மணித்தியாலத்துக்கு இத்தனை என்று ரார்கெற். யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சிக்கும் கார்மென்ற் வந்தது. அங்கே போக முடியாதவர்களுக்குத் தையல் மெசின் வந்தது. கணவரை இழந்த பெண் என்றால் ஒரு மெசின், இல்லாவிட்டால் பத்துக் கோழி. கொடுத்துவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே கிராமத்தில் இத்தனை மெசினைக் கொடுத்தால் ஆருக்கு ஆர் சட்டை தைக்கிறது என்று யோசித்தவர்கள் குறைவு. ரார்கெற், இல்லாவிட்டால் வாழ்வாதாரம். பெண்களின் தையலுக்கு எங்கட ஊரில் இந்த இரண்டு பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்றே யோசிக்க வருவதில்லை.

எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் பெடியங்கள். அவர்களைப் பார்த்து வருகிற சிரிப்பும் இதே கணக்குத்தான். ரவுணில் டெய்லர் கடைகளில் ஆண்கள்தான் தைக்கிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அது காசு. அதே ஊசியை ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் இருந்து பிடித்தால் பகிடி.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. மூன்று பக்கமும் ஆறு. அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அங்கே இருப்பவர்கள். பலருடைய குடும்பப் பெயர் பெற்வே, தோட்ட முதலாளியின் பெயர். அங்கே பெண்கள் குளிருக்காகக் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குவில்ட் தைத்தார்கள். மரவீட்டு மாதிரிக்கு நெருக்கமான ஒன்றைத் தாங்கள் 'வீட்டுக்கூரை' என்றார்கள். கோடு நேராக இருக்கவேண்டும் என்றோ, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரவேண்டும் என்றோ அவர்கள் மினக்கெடவில்லை. துணி முடிந்த இடத்தில் வேறு நிறம் தொடங்கும்.

1966இல் அந்தப் பக்கத்துப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ரிங் பீ' என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். குடியுரிமைப் போராட்ட காலம். வாக்காளராகப் பதிந்ததற்காகவே இருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் இருந்த காலம். அந்தக் காசு அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. குவில்ட்டுகள் நியூயோர்க் கடைகளுக்குப் போயின. 1972இல் சியர்ஸ் கொம்பனி கோடுரோய்த் துணியில் தலையணை உறை தைக்க ஓடர் கொடுத்தது. ஓடர் என்றால் தெரியும்தானே, எல்லாம் ஒரே அளவு, ஒரே தையல். தைத்தார்கள், கூலி வாங்கினார்கள்.

எங்களைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். வெட்டி மிஞ்சிய கோடுரோய்த் துண்டுகளை அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரவில் தங்கள் கட்டிலுக்குத் தங்கள் விருப்பப்படி தைத்தார்கள். 2002இல் ஹூஸ்ரன் நூதனசாலையிலும் பிறகு நியூயோர்க்கின் விற்னி நூதனசாலையிலும் ஜீஸ் பென்ட் குவில்ட்டுகளை மாட்டியபோது சனம் வாய் பிளந்து பார்த்தது, அப்படி வீட்டுக்கென்று தைத்தவற்றைத்தான். 2006இல் முத்திரைகூட வந்தது. ஓடருக்குத் தைத்த தலையணை உறைகளை யாரும் சுவரில் மாட்டவில்லை.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். ஆனால் அதற்கு அடுத்த வருடம் தைத்த பெண்களில் மூன்று பேர் வழக்குப் போட்டார்கள், தங்கள் குவில்ட்டாலும் அதன் மாதிரிகளாலும் வந்த வருமானத்தில் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று. 2008இல் வழக்கு இணக்கமாக முடிக்கப்பட்டது. கட்டிலுக்கென்று தைத்தது சந்தைக்குப் போனபோது என்ன நடக்கும் என்பதற்கும் இதே ஊர்தான் சாட்சி.

அதனால், காசு கெட்டது என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்களில் ஒரு அக்கா சட்டை தைத்துத்தான் சீவிக்கிறார். "அக்கா, சும்மா ஒருக்கா அடிச்சுத் தாங்கோ" என்று பிளவுஸைக் கொண்டுவந்து, கூலி என்று வந்ததும் முகத்தைச் சுளிப்பவர்களோடு எங்களுக்குச் சண்டையே உண்டு. கூலிக்குத் தைத்தால் கூலியை முழுசாக் குடுங்கோ. கூலிக்கு இல்லாமல் தைப்பதை அதன்பாட்டில் விடுங்கோ. எங்கட சனம் இரண்டையும் மாறிச் செய்கிறது: கூலி வேலைக்குப் பேரம், சும்மா தைப்பவரிடம் விலை விசாரணை. அந்த அக்காவே சொல்வார், வேலைக்குத் தைக்கிறபோது துணியைப் பார்ப்பதில்லை, அளவை மட்டும்தான் பார்ப்பேன் என்று. ஞாயிற்றுக்கிழமைதான் துணியைத் துணியாகப் பார்க்கிறாராம்.

எங்கள் துணி வருகிற இடமும் சியர்ஸ் கதைதான். கார்மென்ற் வெட்டுத் துண்டு கிலோக் கணக்கில் விற்கிறார்கள், கால்மிதி தைப்பவர்கள் வாங்குகிற அதே மூட்டை. அதோடு அவரவர் வீட்டிலிருந்து வருபவை. பழைய பள்ளிக்கூட யூனிபோம் வெள்ளை, நைந்த சீலைத் தலைப்பு, அப்பப்பாவின் சாரம். இரண்டாம் மாதம் ஒராள் ஒரு சேட் கொண்டுவந்தார். நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சேட். 2009க்குப் பிறகு வீட்டுக்கு வராத அண்ணாவினது. மரவீட்டின் நடுச் சதுரத்துக்கு அதிலிருந்து இரண்டரை அங்குலம் வெட்டுவது என்று தானே முடிவுசெய்து வந்தவர். கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். மடித்துப் பையில் போட்டார். அடுத்த மாதமும் கொண்டுவந்தார். இந்த மாதமும். இன்னும் வெட்டவில்லை. ஒருவரும் வெட்டச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவருடைய மற்றக் கட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, வேறு துணியில்.

ஜீஸ் பென்ட்டில் மிசூரி பெற்வே என்ற பெண் 1942இல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார், நினைவாக வைத்திருக்கவும் போர்த்திக்கொண்டு படுக்கவும். அதை அவருடைய மகள் பிறகு சொல்லியிருக்கிறார். ஆனால் இறந்துவிட்டார் என்று தெரிந்தவரின் உடுப்பை வெட்டுவது வேறு. என்ன நடந்தது என்றே தெரியாத ஒருவரின் சேட்டை வெட்டுவது வேறு. அவர் வந்து தன்ரை சேட் எங்கே எண்டு கேட்டால்? எந்தப் புரொஜெக்ற்றின் கால அட்டவணையில் இந்தக் கேள்விக்கு மூன்று மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள்? ரார்கெற் இல்லாத தையல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் இருக்கிற மிக நேரான பதில் அந்தச் சேட்தான்.

எங்களுக்குள்ளேயும் ஒரு ரார்கெற் ஆள் உண்டு, அதையும் சொல்லவேணும். கட்டங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தையலுக்கு உள்ளே கால் அங்குலம் துணி விடவேண்டும் என்பது விதி. ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் அளவு கூடப் போனால், மூன்று சுற்று மரவீட்டுக்கு ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை ஆறு தையல், ஆக முக்கால் அங்குலம் காணாமல் போகும். சிலரின் கட்டம் பன்னிரண்டு அங்குலம், சிலரது பதினொன்றே கால். பிரித்துத் திருப்பித் தைக்கவேண்டும் என்று ஒரு பக்கம், விடுங்கோ என்று மற்றப் பக்கம். கடைசியில், மற்றவரின் கட்டத்தை இன்னொருவர் பிரிக்கக்கூடாது என்று முடிவாயிற்று. சின்னக் கட்டத்துக்குச் சுற்றிவர ஒரு பட்டி போட்டால் அளவு வந்துவிடும். எங்களுக்கு அந்தப் பட்டிகள்தான் இப்போது வடிவாகத் தெரிகிறது. ரார்கெற் ஆளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நட்சத்திரத்தின் முனை கூராக வரவில்லை என்று போனில் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

பெயர் எழுதுவதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் 1942இல் யப்பானியர் அடைத்துவைத்த பெண்கள் குவில்ட் தைத்தார்கள். ஆண்கள் வேறிடத்தில். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட ஒருவருக்கொருவர் தெரியாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி, அதில் தன் பெயரும் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றும் தைக்கவேண்டும். ஒரு குவில்ட்டுக்கு 66 சதுரமாக மூன்று குவில்ட்டுகள், இராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கென்று. மனைவியின் பெயரை அங்கே யாராவது பார்த்தால் அது கடிதம். அதே சிறையில் ஏறத்தாழ 20 சிறுமிகள் அறுகோணத் துண்டுகளைப் பூப்போலப் பொருத்தி இன்னொன்று தைத்தார்கள். அதிலும் பெயர்கள் உண்டு.

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் நடுவில் வெர்மொன்ற் மாநிலத்தில் ஜேன் ஸ்ரிக்கிள் என்ற பெண் 169 சின்னக் கட்டங்கள் வைத்து ஒரு குவில்ட் தைத்தார். அதன் ஒரு மூலையில் மூன்று விஷயம் எழுதினார்: யுத்த காலம் 1863, துண்டுகள் 5602, தன் பெயர். அவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான், அந்த மூலை இல்லையென்றால் அதுவும் இல்லை. 1996இல் அந்தக் குவில்ட்டைப் பற்றி ஒரு புத்தகம் வந்த பிறகு, பல நாடுகளில் குழுக் குழுவாகச் சேர்ந்து ஜேனின் கட்டங்களைத் திருப்பித் தைக்கிறார்கள். எங்கட வீடுகளில் அம்மம்மாக்கள் தைத்த தலையணை உறை, மேசை விரிப்பு எத்தனை? எதிலாவது பெயர் இருக்கா? ஆண்டு இருக்கா? இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்தவற்றை இனிக் கேட்கவும் வழியில்லை.

நாங்கள் துண்டுகளை எண்ணி எழுதி வருகிறோம். நாலு மாதம், 28 கட்டம், 420 துண்டு. ஜேனை எட்ட இன்னும் 5182 கிடக்கு.

அடுத்த மாதம் அறுகோணம். மெசின் தேவையில்லை, பழைய கொப்பித் தாளை அறுகோணமாக வெட்டி அதன் மேல் துணியை மடித்துக் கையாலேயே தைக்கலாம். வர விருப்பமானவர்கள் வாங்கோ. துணி கொண்டுவந்தால் தோய்த்துக் காயவைத்து மினுக்கிக் கொண்டுவாங்கோ, புதுசு எண்டாலும் தோய்க்கவேணும், போன மாதம் ஒரு சிவப்புச் சாயம் போய்ப் பக்கத்துக் கட்டம் எல்லாம் ரோசா.